டி கோலின் போர் நினைவுகளை வாசிகசாலையில் வாசித்து முடிப்பது எப்படி

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜேர்மனியிடம் வீழ்ந்தபோது லண்டனுக்குப் போய்ப் போரைத் தொடர்ந்த பிரெஞ்சு ஜெனரல் சார்ள்ஸ் டி கோல். அவர் எழுதிய போர் நினைவுகள் மூன்று பாகம், 23 அத்தியாயம். ஆங்கிலத்தில் ஒரே தொகுதியாக எடுத்தால் ஏறத்தாழ ஆயிரம் பக்கம். தனி ஆளாக ஆசையோடு தொடங்கி, 1930களின் பிரெஞ்சு மந்திரிமாரின் பெயர்களுக்குள் சிக்கி மூடிவைத்துவிடுகிற புத்தகம் இது. ஆறேழு பேர் கூடினால் முடியும். வன்னியில் அதற்குத் தோதான காலம் காலபோக வெட்டு முடிந்து அடுத்த காலபோக விதைப்பு வரும் வரைக்கும் உள்ள இடைவெளி. ஏப்பிரலில் தொடங்கி செப்டெம்பர் முடிவு வரை 26 கிழமை கிடைக்கும். சித்திரை வருசம், வற்றாப்பளைப் பொங்கல், சிறுபோக வெட்டு என்று நாலு கிழமை போனாலும் 22 மிஞ்சும். அத்தியாயத்துக்கு இரண்டு கிழமை என்று வைத்தால் 11 அத்தியாயம் வாசிக்கலாம்.

எல்லாவற்றையும் வாசித்தே தீரவேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். இந்த 11 போதும்: முதல் பாகத்தில் 2, 3, 4, 6, இரண்டாம் பாகத்தில் 2, 3, 8, மூன்றாம் பாகத்தில் 4, 5, 7, எல்லாம் முடிந்த பிறகு முதல் பாகத்தின் முதல் அத்தியாயம். தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் அந்த முதல் அத்தியாயம்தான் ஆட்களை விரட்டுவது. 1932 முதல் 1937 வரை பதினான்கு அரசாங்கங்களின் கீழ் வேலை செய்ததாக அவரே அதில் எழுதுகிறார். அத்தனை பிரதமர்களையும் முதல் கிழமையிலேயே ஒருவரால் மண்டைக்குள் ஏற்ற முடியாது.

புத்தகம் எடுப்பது

தமிழில் முழுதாகக் கைக்கு வரும் என்று நம்பித் தொடங்காதீர்கள். ஆங்கிலப் பிரதி ஒன்றும், முடிந்தால் பிரெஞ்சுப் பிரதி ஒன்றும் இருந்தால் நல்லது. பாரிசில் உறவுக்காரர் இல்லாத ஊர் வன்னியில் குறைவு. விடுமுறைக்கு வருகிறவரிடம் பழைய புத்தகக் கடையில் பார்க்கச் சொன்னால் மலிவாகக் கிடைக்கும். சொல்லும்போது 1954, 1956, 1959 என்று ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று பாகமும் வெளிவந்த ஆண்டுகள் அவை. டி கோலைப் பற்றி மற்றவர்கள் எழுதிய புத்தகங்கள் ஒரு அலுமாரி நிறைய உண்டு. ஆண்டைச் சொல்லாவிட்டால் அவற்றில் ஒன்று வந்து சேரும்.

பிரெஞ்சு மூலப் பதிப்பில் ஒவ்வொரு பாகத்தின் பின்னாலும் தந்திகள், கடிதங்கள், உரைகள் என்று ஆவணங்கள் இணைக்கப்பட்டிருக்கும். ஒரே தொகுதியாக வந்த ஆங்கிலப் பதிப்பில் அவை இல்லை. பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அந்தப் பின்பகுதியை அவர் பொறுப்பில் விடுங்கள். பல இடங்களில் கதையைவிட ஆவணத்துக்குத்தான் எடை கூட.

முழுப் புத்தகத்தையும் போட்டோகொப்பி அடிக்க வேண்டாம். உரிமை இன்னும் முடியவில்லை, செலவும் கட்டுப்படியாகாது. அந்தந்தக் கிழமைக்கு வாய்விட்டு வாசிக்கப்போகிற மூன்று நாலு பக்கம் போதும்.

கொப்பியும் வரைபடமும்

வாங்க வேண்டியவை: 160 பக்க சீஆர் கொப்பி இரண்டு, பிறிஸ்டல் மட்டை இரண்டு, சிவப்பு, நீலம், பச்சை மார்க்கர் ஒவ்வொன்று, பென்சில், அடிமட்டம். பாடசாலை அட்லஸ் ஒன்றை இரவல் வாங்கலாம்.

வரைபடம் இல்லாமல் இந்தப் புத்தகத்தைத் தொடவே கூடாது. அட்லசில் பிரான்ஸ் உள்ள பக்கத்தைப் பிரதியெடுத்து 2 சென்ரிமீற்றர் சதுரங்களாகக் கோடு போடுங்கள். மட்டையில் அதே எண்ணிக்கைச் சதுரங்களை 6 சென்ரிமீற்றர் அளவில் போட்டு, ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார்த்து வரைந்தால் கைதேர்ந்த ஓவியர் தேவையில்லை. இரண்டாவது மட்டையில் ஆபிரிக்காவின் மேல்பாதியும் சிரியா, லெபனான் பக்கமும். பலர் இந்த இரண்டாவது மட்டையைத் தவிர்த்துவிடுவார்கள். அங்கேதான் பிழை தொடங்கும். 1940 முதல் 1943 வரை டி கோலின் கையில் இருந்த நிலம் பெரும்பாலும் ஆபிரிக்காவில்தான் இருந்தது. பழைய பெயர்களுக்குப் பக்கத்தில் இன்றைய பெயரையும் எழுதுங்கள்: போர்ட் லாமி என்பது இன்றைய என்ஜமேனா, லியோபோல்ட்வில் என்பது கின்ஷாசா.

தூரத்தை ஊர்க் கணக்கில் சொன்னால்தான் ஏறும். 1940 மே 13இல் ஜேர்மன் படை செடானில் மியூஸ் ஆற்றைக் கடந்தது. மே 20இல் கடலோரத்தை அண்டிய அபவிலுக்கு வந்துவிட்டது. வவுனியாவிலிருந்து கொழும்பு எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரம், ஒரு கிழமையில், எதிரியின் நாட்டுக்குள்ளால். மட்டையில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு வீழ்ச்சி என்கிற இரண்டாம் அத்தியாயத்தை எடுங்கள்.

மட்டைகளைச் சுவரில் ஆணியடித்து விட்டால் மாரிக்கு முன்னமே கறையான் கணக்கு முடித்துவிடும். உருட்டி, பொலித்தீன் உறைக்குள் போட்டு, வளையில் தொங்கவிடுங்கள்.

கொப்பி ஒன்று பெயர்களுக்கு. தமிழில் பிரெஞ்சுப் பெயரை ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள்; ஜிரோ, ஜிராட், கிராவுட் என்று ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். முதல் தரம் பெயர் வரும்போதே கூட்டமாக ஓர் எழுத்துமுறையைத் தீர்மானித்து, பிறகு மாற்றாதீர்கள். பெயருக்கு எதிரே ஒரு வரி போதும்: பெத்தேன், மார்ஷல், விஷி அரசின் தலைவர், டார்லான், அட்மிரல், எபுவே, சாட் ஆளுநர். டி கோலுடன் நின்றவரை நீலத்திலும் விஷிப் பக்கத்தவரை, அதாவது 1940 தோல்விக்குப் பிறகு ஜேர்மனியோடு ஒத்துப்போன பிரெஞ்சு அரசின் பக்கம் நின்றவரைச் சிவப்பிலும் எழுதுங்கள். பக்கம் மாறினவரின் பெயரைப் பச்சையால் அடிக்கோடிட்டு, மாறின திகதியையும் போடுங்கள். நேசநாட்டுப் படை வட ஆபிரிக்காவில் இறங்கிய 1942 நொவெம்பருக்குப் பிறகு பச்சை மார்க்கர்தான் முதலில் காயும்.

இரண்டாவது கொப்பியில் திகதிகள். பக்கத்தை நாலு நிரலாகப் பிரியுங்கள்: நடந்த நாள், அவர் சொல்வது, மற்றவர் சொல்வது, அந்த நாளில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும். நாலாவது நிரல்தான் இந்த வாசிப்பின் உயிர்நாடி. அதை வெறுமையாக விடுகிற குழு கதை கேட்டுவிட்டுப் போகிற குழு.

ஒரு அமர்வு எப்படி

இரண்டு மணித்தியாலம். பின்னேரம் நாலரைக்குத் தொடங்கினால் மின்வெட்டு வந்தாலும் பெரும்பகுதி வெளிச்சத்தில் முடியும். ஆங்கிலம் வாசிக்கக்கூடியவர்கள் இருவர் வீட்டிலே வாசித்துக்கொண்டு வரவேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்த கிழமை எல்லாம் நின்றுபோகும். முதல் அரைமணி நேரம் அவர்கள் தமிழில் சொல்ல, மற்றொருவர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டவேண்டும். அடுத்த ஒரு மணி நேரம் தெரிந்தெடுத்த மூன்று நாலு பக்கத்தை வசனம் வசனமாகத் தமிழாக்கி வாசியுங்கள். மிச்சம் கொப்பிக்கு. தேநீரை நடுவில் வைத்தால் கதை உள்ளூர் அரசியலுக்குப் போய்விடும், திரும்பி வராது. கடைசியில் வையுங்கள்.

வாய்விட்டு வாசிக்கும்போது ஒன்று எல்லோரையும் குழப்பும். டி கோல் தன்னை நான் என்றும் எழுதுவார், டி கோல் என்று வேறு ஆள் போலவும் எழுதுவார். அது மொழிபெயர்ப்புப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். எங்கே நான் வருகிறது, எங்கே டி கோல் வருகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். சனம் எதிர்பார்க்கிற ஆளைப் பற்றிப் பேசும்போது பெயர் வருவதையும், களைப்பையும் ஐயத்தையும் சொல்லும்போது நான் வருவதையும் பல இடங்களில் காண்பீர்கள். சரியாக வராத இடங்களும் உண்டு. அவற்றையும் குறியுங்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். சுதந்திர பிரான்ஸ் என்ற பெயர் 1942 யூலையில் போரிடும் பிரான்ஸ் என்று மாறியது. 1943 யூனில் அல்ஜியர்சில் தேசிய விடுதலைக் குழு வந்தது. 1944 யூனில் அது இடைக்கால அரசாங்கம் ஆனது. நாலையும் ஒரே சொல்லால் இயக்கம் என்று தமிழாக்கினால், அவருக்கு எப்போது எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதே மறைந்துபோகும். இயக்கம் என்ற சொல் இங்கே தன்னோடு வேறு பாரத்தையும் கொண்டுவரும், வேண்டுமென்றே தள்ளிவையுங்கள்.

எந்த இடத்தில் என்ன பார்ப்பது

இரண்டாம் அத்தியாயத்தில் 1940 மே 16 வருகிறது. மோன்கோர்னேப் பக்கம் அகதிகளும் ஆயுதம் இழந்த சிப்பாய்களும் வீதியில் வருவதைக் கண்டதாகவும், பின்னால் தான் செய்ததெல்லாம் அன்றைக்கே எடுத்த முடிவு என்றும் எழுதுகிறார். அருமையான பக்கம். வாசித்துவிட்டு நாலாவது நிரலுக்குப் போங்கள். அன்று அவர் ஒரு கேணல். பிரிகேடியர் தரத் தற்காலிக ஜெனரலாவது யூன் 1இல். போர்த்துறைத் துணைச் செயலாளராக அரசுக்குள் போவது அதற்குப் பிறகு. எழுதிய பாகம் வெளிவந்தது 1954இல். பதினான்கு வருடத்துக்குப் பிறகு திரும்பிப் பார்க்கிற ஒருவருக்கு, வழி தொடங்கிய இடம் தெளிவாகத் தெரிவது இயல்பு. பொய் என்று எழுதத் தேவையில்லை. பிந்திய பார்வை என்று குறித்தால் போதும்.

இதே பக்கத்தில் வன்னி வாசகருக்கு மட்டும் உடனே உறைக்கிற ஒன்று இருக்கிறது. அந்த வீதியில் வந்த சனம் யார், எங்கே போனார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று புத்தகம் நின்று கேட்பதில்லை. 1940 மே, யூன் மாதங்களில் பிரான்சில் பல மில்லியன் பேர் மெத்தையையும் சட்டிபானையையும் வண்டியில் கட்டிக்கொண்டு தெற்கே இடம்பெயர்ந்தார்கள். ஜெனரலின் கதையில் அவர்கள் தாங்கிகளுக்கு வழிவிடும் கூட்டம். திகதிக் கொப்பியில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அடியில் சனம் என்று தலைப்பிட்டு, பொதுமக்கள் வருகிற வரிகளை எண்ணி எழுதுங்கள். எண்ணிக்கை எவ்வளவு என்பதை வாசித்து முடித்த பிறகு பார்க்கலாம். முதலிலேயே தீர்ப்புச் சொன்னால் புத்தகம் தன்னைக் காட்டாது.

மூன்றாம் அத்தியாயத்தில் யூன் 18 உரை, போரைத் தொடரும்படி பிரெஞ்சுக்காரரைக் கேட்டு அவர் லண்டன் வானொலியில் பேசியது. இங்கே பெரும்பாலானோர் தவறுகிற இடம் ஒன்று: பிரான்ஸ் ஒரு சமரில்தான் தோற்றது, போரில் தோற்கவில்லை என்ற வாசகம் அந்த வானொலி உரையில் இல்லை. அது பிறகு லண்டன் சுவர்களில் ஒட்டிய சுவரொட்டியில் வந்தது. யூன் 18 உரையின் ஒலிப்பதிவும் கிடையாது; கைத்தொலைபேசியில் போட்டுக்காட்டும் குரல் பெரும்பாலும் யூன் 22 உரை. யாராவது காணொளி கொண்டுவந்தால் திகதியைக் கேளுங்கள்.

அத்தியாயம் 3, 4 வாசிக்கும்போது வரைபடத்தின் விளிம்பில் புதுச்சேரியையும் காரைக்காலையும் ஒட்டுங்கள். 1940 செப்டெம்பரில் இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகள் டி கோல் பக்கம் வந்தன. புத்தகத்துக்கு அது கடந்துபோகிற செய்தி. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்துத் தமிழூர்கள் அந்தக் கணக்கில் இருந்தன என்று காட்டினால், தூங்கிக்கொண்டிருக்கிற உயர்தர வகுப்புப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

நாலாம் அத்தியாயத்தின் மையம் டக்கார், மேற்கு ஆபிரிக்காவில் விஷிப் பக்கம் நின்ற துறைமுக நகரம். 1940 செப்டெம்பர் 23 முதல் 25 வரை பிரித்தானியக் கடற்படையோடு போய், துறைமுகம் திறக்கும் என்று நம்பி, திறக்காமல் திரும்பிய கதை. தோல்வியை ஒருவர் எப்படி எழுதுகிறார் என்பதை அறிய இதைவிட நல்ல இடம் இல்லை. மூடுபனி, துறைமுகத்தில் நின்ற ரிஷெலியூ போர்க்கப்பல், ஜிப்ரோல்டரைத் தாண்டி வந்துவிட்ட விஷிக் கப்பல்கள் என்று காரணங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே யாருடைய பிழை என்று எழுதுங்கள்: இயற்கை, நேசநாடு, எதிரி, தான். நாலாவதுக்கு எத்தனை விழுகிறது என்று பாருங்கள். சேர்ச்சிலும் தன் போர் வரலாற்றின் இரண்டாம் பாகத்தில் டக்காரை எழுதியிருக்கிறார். அந்த அத்தியாயம் கிடைத்தால் மூன்றாவது நிரல் நிறையும்.

இரண்டாம் பாகத்தில் விஷியிலிருந்து பக்கம் மாறிய அட்மிரல் டார்லான், டி கோலின் போட்டியாளரான ஜெனரல் ஜிரோ ஆகியோரின் விவகாரம். தலைப்புகளையே கவனியுங்கள்: டார்லான் கதைக்குத் துன்பியல் நாடகம், ஜிரோ கதைக்கு இன்பியல் நாடகம். 1943 சனவரியில் கசபிளாங்காவில் ரூஸ்வெல்ற்றும் சேர்ச்சிலும் இருந்து பார்க்க டி கோலும் ஜிரோவும் கைகொடுத்த படம் இணையத்தில் இலகுவாகக் கிடைக்கும். முதலில் படத்தை மட்டும் காட்டி, என்ன நடக்கிறது என்று ஒவ்வொருவரையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்; அதன்பிறகு பக்கத்தை வாசியுங்கள். போட்டியாளரை இகழாமலே சிறிதாக்கிக் காட்டுகிற கலை அந்தப் பக்கங்களில் இருக்கிறது. ஜிரோவின் வீரத்தைப் புகழ்ந்துகொண்டே அவருக்கு அரசியல் விளங்காது என்று காட்டிவிடுவார்.

பாரிஸ் அத்தியாயத்துக்கு ஒரு சின்ன வேலை. 1944 ஓகஸ்ட் 25இல் நகர மண்டபத்தில் பேசிய உரையில் பாரிஸ் தன்னைத்தானே, தன் மக்களால் விடுவித்தது என்று வருகிறது. அன்று அமெரிக்கக் காலாட்படைப் பிரிவொன்றும் நகருக்குள் இருந்தது. உரையில் யார் யாருக்கு எத்தனை சொல் என்று எண்ணுங்கள். ஐந்து நிமிட வேலை, அரைமணி நேர வாக்குவாதம்.

மூன்றாம் பாகம் வந்த 1959இல் அவர் சனாதிபதி. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. இதைக் கொப்பியின் மேலட்டையிலேயே எழுதிவையுங்கள். 1945 மே மாதம் அல்ஜீரியாவின் செத்திஃப் பக்கம் எழுந்த கிளர்ச்சியும் அதை அடக்கியபோது பலியான ஆயிரக்கணக்கானோரும் அந்தப் பாகத்தில் ஒரு வசனத்தில் அடங்கிவிடுகிறார்கள். தொடக்கநிலையில் அணைக்கப்பட்ட கிளர்ச்சி என்பதே அதன் சாரம். அந்த வசனத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு கிழமை அவகாசம் கொடுங்கள். கண்டுபிடிக்க முடியாமல் வருகிறவரும் ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் வருவார்.

இந்த மூன்றாம் பாகத்தின் நாலாம் அத்தியாயத்தில் ஸ்ட்ராஸ்பேர்க், ஜேர்மன் எல்லையோரத்துப் பிரெஞ்சு நகரம். நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவர் போர்முனையைச் சுருக்க அந்த நகரை விட விரும்பினார். டி கோல் விடமாட்டேன் என்றார். 1945 சனவரி 3இல் வெர்சாயில் சேர்ச்சிலும் இருக்கச் சந்தித்தார்கள். இதை இருவருமே எழுதியிருக்கிறார்கள். ஐசனோவரும் பின்னால் நாட்டுத் தலைவரான ஜெனரல்தான், அவர் புத்தகம் 1948இல் வந்தது. இரண்டையும் பக்கம்பக்கமாக வைத்தால் படைக்கணக்குப் பேசுகிறவர் யார், நாட்டின் மானம் பேசுகிறவர் யார் என்று தெரியும். முடிவு ஒன்றுதான், நகரைக் கைவிடவில்லை. ஆனால் யார் யாரை மசிய வைத்தார் என்பதில் இரு புத்தகமும் ஒத்துவராது.

வாக்குவாதம் சூடேறும்போது

ஏறும். போர்த் தலைவர் ஒருவரின் நினைவுகளை வன்னியில் வைத்து வாசித்துக்கொண்டு, நம்முடைய போரைப் பற்றி ஒருவரும் வாய்திறக்கக்கூடாது என்று சட்டம் போட முடியாது. ஒன்று மட்டும் செய்யலாம்: ஆளோடு ஆளை ஒப்பிடுகிற கதை தொடங்கினால், கொப்பியில் எந்தப் பக்கத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பக்கம் இருந்தால் கதை தொடரட்டும். மே மாத நடுப்பகுதியில் அமர்வு வைக்க வேண்டாம். அந்த நாட்களில் வீடுகளில் வேறு நினைவு இருக்கும். குண்டுவீச்சுப் பக்கங்களை வாசிக்கும் நாளை முதல் கிழமையிலேயே சொல்லிவிடுங்கள். வராமல் இருப்பவரிடம் அடுத்த கிழமை காரணம் கேட்கக்கூடாது.

கடைசி இரண்டு அத்தியாயம்

மூன்றாம் பாகத்தின் ஏழாம் அத்தியாயம், புறப்பாடு. 1946 சனவரி 20இல் பதவி விலகல். கடைசிப் பக்கங்களில் அவர் வீடு இருந்த கொலொம்பே ஊர், தோட்டம், பருவங்கள், வயதான மனிதன். அதை நிறுத்தாமல், கொப்பி மூடி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். அன்றைக்குக் கேள்வி வேண்டாம்.

அதற்கு அடுத்து, ஒதுக்கிவைத்த முதல் அத்தியாயம். தன் வாழ்நாள் முழுவதும் பிரான்சைப் பற்றி ஒரு எண்ணம் தனக்குள் இருந்தது என்ற அந்தப் பெயர்பெற்ற முதல் வசனத்தைத் தமிழாக்க முழு அமர்வையும் எடுத்தாலும் பரவாயில்லை. பிரெஞ்சு மூலத்தில் எண்ணம் என்பதற்கு முன்னால் வருகிற சொல்லுக்கு ஒருவிதமான என்றும் பொருள் உண்டு, உறுதியான என்றும் பொருள் உண்டு. எதை எடுப்பது என்று ஆறு பேரும் தனித்தனியாக எழுதி, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுங்கள். பதினான்கு அரசாங்கங்களின் பெயர்களும் இப்போது பயமுறுத்தாது; அந்த அத்தியாயத்தில் வருகிற ரேனோவும் பெத்தேனும் யார், பின்னால் எங்கே நின்றார்கள் என்று பெயர்க் கொப்பியில் ஏற்கெனவே நிறத்தோடு இருக்கிறது.